ஊட்டிக் குளிரில் ஒரு ஞாயிறு: வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துகொண்டே ஆட்டுக்கால் பாயா வைப்பது எப்படி

கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்து எங்களுக்கு இது நாலாவது குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் காலை எட்டு மணி வரை புல்தரையில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வெளியே போக மனசு வராது. வீட்டுக்குள் தள்ளிப்போட்ட வேலைகளை முடிக்க அதுதான் நல்ல நாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, அப்பாவின் பழைய புகைப்படங்களை அழித்துவிட்டேன்.

தம்பி ஆல்பத்திலிருந்து செல்போனில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஏழு நாளில் காலாவதியாகும் லிங்க்காக அனுப்பியிருந்தான். நான் இறக்கியது ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் மட்டும் இருந்தது. தேவையற்ற ஃபைல்களை நீக்கும் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். ஆல்பம் அதற்குள் செல்லரித்துப் போயிருந்தது, தம்பியின் அந்தப் போனும் தொலைந்துவிட்டது. மீட்டுத் தரும் கடையில் 6,000 ரூபாய் கொடுத்துப் பாதிப் படங்கள் கிடைத்தன. ஒன்றில் அப்பாவின் நெற்றியும் கண்ணும் தெரிகிறது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். உங்கள் வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சமையலை ஏன் இதோடு சேர்க்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் வேலையில் முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதான். நகல் எடுக்க ஒன்றரை மணி நேரம், வைரஸ் சோதனைக்கு இரண்டு மணி நேரம். சும்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கை பரபரக்கும், எதையாவது அழுத்துவோம், பாதியில் கேபிளைப் பிடுங்குவோம். என் இழப்புக்கு அந்தப் பொறுமையின்மையும் காரணம். ஆட்டுக்காலும் அப்படித்தான், தானாக வேக வேண்டியது. ஒன்று நடக்கும்போது மற்றொன்றைக் கவனித்தால் இரண்டும் நிதானமாக முடியும்.

1. சனிக்கிழமையே செய்ய வேண்டியவை

முதலில் ஞாயிறன்று மின்தடை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பராமரிப்பு மின்தடை இருந்தால் காலையில் போன கரண்ட் மாலையில்தான் வரும். நகல் எடுக்கும் நடுவில் கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகலாம்.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். கீழே உள்ளவற்றைக் கையால் எழுதி வையுங்கள், கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைத்துப் பயனில்லை:

- மெயில், வங்கி, வருமான வரித் தளம், கம்ப்யூட்டர் லாகின் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகள். பிரவுசர் நினைவில் வைத்திருப்பதை நம்பி நாமே மறந்துபோன பாஸ்வேர்டு எப்போதும் நாலைந்து இருக்கும்.
- பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்பு எண். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஏதாவது மாறினால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும், முன்கூட்டியே பார்த்து எழுதிவிடுங்கள்.
- கம்ப்யூட்டர் வாங்கிய பில், வாரண்டி முடியும் தேதி. வாரண்டி இருக்கும்போது பெட்டியைத் திறக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை: 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் (நான் வாங்கியபோது 4,700 ரூபாய்), பெயின்ட் அடிக்கும் ஒரு இன்ச் புது பிரஷ் 40 ரூபாய், கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் 150 ரூபாய். வீட்டில் நல்ல நிலையில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் பெரிய செலவே இல்லை.

கறிக்கடையில் சனிக்கிழமையே சொல்லி வையுங்கள். நாலு பேருக்கு நாலு கால். முன்னங்கால் கேளுங்கள், சதையும் மஜ்ஜையும் சேர்ந்து நன்றாக இருக்கும். தீயில் வாட்டி, குளம்பு எடுத்து, துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். எனக்குப் போன மாதம் 320 ரூபாய் ஆனது, ஊருக்கு ஊர் மாறும். சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் இந்தப் பருவத்தில் பச்சை மொச்சை தாராளமாகக் கிடைக்கும், ஒரு கிலோ காய் வாங்கி இரவே உரித்து வையுங்கள். காய்ந்த மொச்சையானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். இந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரில் போட்டால் காலையில் பார்க்கும்போது அப்படியே கல் மாதிரி கிடக்கும்.

2. காலை 7:30: முதலில் நகல், வேறு எதுவும் அதற்குப் பிறகுதான்

ஒன்றைக்கூட அழிக்கும் முன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ், இந்த ஐந்து ஃபோல்டரையும் முழுசாக. “இது வேண்டுமா வேண்டாமா” என்று இப்போது யோசிக்காதீர்கள். வேண்டாததும் சேர்ந்து போகட்டும்.

தமிழில் டைப் செய்பவர்கள் பலரும் மறப்பது ஒன்று உண்டு. பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கதைகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் “jkpo;” என்பது போல ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ இருக்கிறது. அதிலிருந்து நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களையும் நகல் எடுத்துவிடுங்கள்.

கேபிளை எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டரில் உள்ளே நீல நிறமாக இருக்கும் யுஎஸ்பி துளை வேகமானது. நான் முதல் தடவை முன்பக்கக் கறுப்புத் துளையில் செருகி, 180 ஜிபி போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நீலத்தில் செருகியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. நகல் ஓடும்போது கம்ப்யூட்டர் தூங்கப் போகாமல் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ என்று மாற்றிவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ரூம் ஹீட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சின்ன பிளக் தாங்குவது 6 ஆம்பியர்தான். பிளக் உருகிவிடும், இல்லாவிட்டால் டிரிப் ஆகி நகல் பாதியில் நிற்கும். ஹீட்டருக்குச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கைத் தனியாகக் கொடுங்கள்.

3. காலை 8:00: ஆட்டுக்கால் அடுப்பில்

நகல் ஓடட்டும், நீங்கள் அடுப்படிக்கு வாருங்கள். காலில் ஒரு கைப்பிடி கோதுமை மாவும் அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டு அழுத்தித் தேயுங்கள். ஒட்டியிருக்கும் கருகிய முடியும் வாடையும் மாவோடு வந்துவிடும். முட்டியின் மடிப்பில் இருப்பது மட்டும் வராது, கத்தி முனையால் சுரண்ட வேண்டும். நாலு தண்ணீரில் அலசுங்கள்.

குக்கரில் கால் துண்டுகள், பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் இடித்த மிளகு, உப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். முதல் விசில் வரை பெரிய தீ, பிறகு சிம்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் மலைக்குப் புதிதாக வருபவர்கள் ஏமாறுவார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் கறியும் வேக ரொம்ப நேரம் ஆகும். குக்கருக்குள்ளும் கீழே இருக்கும் அளவு சூடு வராது. கோயம்புத்தூரில் சிம்மில் 35 நிமிஷம் வைத்த நான் இங்கே 50 நிமிஷம் வைக்கிறேன். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் ஆனதும் அடுப்பை அணைத்து, பிரஷர் தானாக இறங்க விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் எண்ணெயும் சாறும் பீய்ச்சி அடிக்கும்.

வெந்ததற்கு அடையாளம்: எலும்பின் நுனியில் இருக்கும் தோல் விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு கழல வேண்டும். ஆறிய சாறை இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தால் பசை மாதிரி இழுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் 15 நிமிஷம்.

4. காலை 9:30: நகலைச் சரிபார்த்த பிறகே அழிப்பது

நகல் முடிந்துவிட்டது என்று திரை சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஃபோல்டரிலும் புதியதிலும் வலது கிளிக் செய்து ‘பிராபர்ட்டீஸ்’ பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றி வேறு ஒரு கம்ப்யூட்டரில், இல்லாவிட்டால் டிவியில் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் நகல். பட்டா, குடும்ப அட்டை, மார்க் ஷீட் போன்ற ஸ்கேன்களை ஒன்று விடாமல் திறந்து பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது வீண் இல்லை.

சரி, இப்போது அழிக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அதற்குள் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’. அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதுதான் என்னை வீழ்த்தியது. அதில் டிக் இருக்கவே கூடாது. மற்ற தற்காலிக ஃபைல்களை நீக்கலாம்.

அடுத்து ‘ஆப்ஸ்’ பட்டியலை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். பேர் தெரிந்து, பயன்படுத்தாத விளையாட்டு, பழைய பிரிண்டர் மென்பொருள் எல்லாம் போகலாம். பேர் புரியாதவற்றைத் தொடாதீர்கள், ஸ்பீக்கர் போன்ற பாகங்களை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள் போனால் சத்தமே வராது. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று சோதித்து வேகத்தைக் குறைக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடுபவை இருக்கும். தேவையில்லாததை ‘டிசேபிள்’ செய்யுங்கள். இது எதையும் அழிக்காது, தவறினால் திரும்ப ‘எனேபிள்’ செய்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் இதனால் மட்டும் ஆன் ஆகும் நேரம் நாலு நிமிஷத்திலிருந்து இரண்டரை ஆனது.

வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் மூலையில் அடிக்கடி “வைரஸ் வந்துவிட்டது, உடனே அழையுங்கள்” என்று பெட்டி வரும். பெரும்பாலும் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் “நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா” என்று கேட்டபோது ‘அலோ’ கொடுத்ததன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் எல்லாத் தளங்களையும் நீக்குங்கள். பிரவுசரில் சேர்ந்திருக்கும் தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும் (கூடுதல் நிரல்கள்) நீக்குங்கள். அந்தப் பெட்டியில் வரும் எண்ணுக்கு எந்தக் காரணத்துக்காகவும் போன் செய்யாதீர்கள். இதை அம்மா அப்பாவிடமும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

“கம்ப்யூட்டரை வேகமாக்கும்” இலவச மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். நாம் துடைப்பதற்காக வந்தோம், புதுக் குப்பை சேர்க்க அல்ல.

5. காலை 11:00: வெயிலில் தூசி தட்டுவது

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பெட்டியைத் திறங்கள். லேப்டாப்பை முதல் தடவைக்காரர்கள் திறக்க வேண்டாம், காற்று போகும் துளைகளில் புளோயரால் ஊதினால் போதும்.

ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றி, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியை எங்கே திறப்பது என்பது முக்கியம். நான் போன வருஷம் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். பக்கத்திலேயே அடுப்படி. குக்கரைத் திறந்த ஐந்து நிமிஷத்தில், குளிர்ந்து கிடந்த பெட்டியின் தகட்டில் ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரில் வேர்ப்பது போல முத்து முத்தாக நீர். உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டிலும் அதே ஈரம். ஒரு நாள் முழுக்க ஆன் செய்யாமல் காய வைத்தேன். நல்லவேளையாகப் பழுது ஒன்றும் இல்லை. அதனால் பதினோரு மணிக்கு வரும் வெயிலில், திண்ணையிலோ பால்கனியிலோ வைத்துத் திறங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள்.

பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளி, புளோயரால் ஊதுங்கள். ஃபேனை ஊதும்போது அது சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதிலும் நிலைமின்சாரம் உருவாகும். சிபியு (பிராசஸர்) மேல் இருக்கும், சூட்டை இறக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரில் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போய்விடுகிறதா? வங்கித் தளங்கள் “பாதுகாப்பற்றது” என்று காட்டித் திறக்க மறுக்கின்றனவா? மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். எனக்கு 40 ரூபாயில் வேலை முடிந்தது. இதற்காகவே ஒருவர் புது கம்ப்யூட்டர் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

6. மதியம் 12:00: சோதனை ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம்

பெட்டியை மூடி, ஆன் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இனி சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, தலா ஒரு ஸ்பூன் சீரகம், சோம்பு, கசகசா, நாலு காய்ந்த மிளகாய். சிறு தீயில் வறுங்கள். மல்லி வாசம் எழுந்ததும் இறக்குங்கள், மிளகு கருகினால் கசக்கும். அரை மூடித் தேங்காயும் ஐந்து முந்திரியும் சேர்த்து விழுதாக அரையுங்கள். நல்லெண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, நூறு கிராம் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, விழுதைப் போட்டு எண்ணெய் ஒதுங்கும் வரை கிளறி, வெந்த காலையும் சாறையும் ஊற்றி இருபது நிமிஷம் சிம்மில். தண்ணீர் போதவில்லை என்றால் வெந்நீர் மட்டும் சேருங்கள்.

மொச்சைக்கு இதே விழுதில் கால் பங்கைத் தனியாக எடுத்து, ஊட்டி உருளைக்கிழங்கு இரண்டும் போட்டுக் குழம்பு வைத்துவிடலாம். தனி வேலை இல்லை.

பாயாவோடு சாப்பிடும் ராகிக் களியைக் கடைசியாகத்தான் கிண்ட வேண்டும். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். முதலில் ஒரு கைப்பிடி நொய் போட்டு நன்றாக வேக விடுங்கள். உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறாதீர்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி செய்து, மூடி, சிம்மில் பத்து நிமிஷம். ஆவி குழி வழியாக மேலே வந்து மாவு வெந்ததும் இறக்கி, பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு பலமாகக் கிண்டுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. கையில் நெய் தொட்டு உருண்டை பிடியுங்கள்.

தட்டுகளை வெந்நீரில் போட்டுத் துடைத்து எடுத்து வையுங்கள். இங்கே சில்லென்ற தட்டில் பாயா ஊற்றினால் இரண்டாவது கவளத்துக்குள் கொழுப்பு ஓரத்தில் வெள்ளையாக உறைந்துவிடும்.

7. சாப்பாட்டுக்குப் பிறகு

ஸ்கேன் முடிந்திருக்கும். ஏதாவது பிடிபட்டிருந்தால் நீக்கச் சொல்லிவிட்டு, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஒன்றும் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகிக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பிறகு அப்டேட். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். இல்லாத கம்ப்யூட்டரில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் மெதுவாக இருந்தால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். அதை எஸ்எஸ்டி-யாக (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றுவதுதான் பணத்துக்கு ஏற்ற பலன் தரும் ஒரே செலவு. எங்களுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டியும் மாற்றும் கூலியும் சேர்த்து 2,900 ரூபாய் ஆனது, இப்போது அரை நிமிஷத்துக்குள் ஆன் ஆகிறது. கடையில் கொடுக்கும்போது நகல் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதன் மேல் தேதி எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, அடுப்படியிலிருந்து தூரமாக வையுங்கள். மலைக்காற்றின் ஈரம் பீரோவுக்குள்ளும் வரும்.

மிச்சப் பாயாவை இங்கே ஃபிரிட்ஜில் வைக்கக்கூடத் தேவையில்லை என்பார்கள், நான் வைத்துவிடுவேன். காலையில் அது ஜெல்லி மாதிரி கட்டியாக இருக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அரை டம்ளர் வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் இளகிவிடும். ஆப்பத்துக்கு அது முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.